பாதப் புண் தடுப்பு ஆராய்ச்சிக்கு ஐரோப்பா போகலாமா?

தென்மாவட்ட நகரம் ஒன்றில், தனியார் மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பாதப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கும் 28 வயது இயன்முறை மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். எம்.பி.டி. (இயன்முறை மருத்துவ முதுநிலைப் பட்டம்) முடித்தவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி திட்டத்தில், சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் புண் வராமல் தடுக்க ஆளுக்கேற்ற பராமரிப்பை உருவாக்கும் ஆராய்ச்சிக்கு முனைவர் பட்ட மாணவர்களை எடுக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பிக்க நினைக்கிறார்.

அவருடைய தயக்கங்கள் பல. எம்.பி.பி.எஸ். படிக்காத தன்னை எடுப்பார்களா? ‘ஆளுக்கேற்ற பராமரிப்பு’ என்றால் செயற்கை நுண்ணறிவும் மொபைல் ஆப்பும்தான், முதலில் கோடிங் படி என்கிறார் தோழி. இடம் வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் மூன்று லட்சம் ரூபாய் கேட்கிறார். தன் போனில் இருக்கும் 140 நோயாளிகளின் பாதப் படங்களை விண்ணப்பத்தோடு இணைத்தால் மதிப்புக் கூடும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மூன்று வருடம் வெளிநாடு என்றால் பெற்றோர் தயங்குகிறார்கள். கருவிகள் இல்லாத ஊரிலிருந்து வருபவர் என்று தன்னை அறிமுகப்படுத்தி, புண் திரும்புவதைத் தடுக்கும் சோதனை நடத்தப்போவதாக விண்ணப்பத்துக்கு எழுதிய குறிப்பில் இப்படிச் சொல்லியிருக்கிறார்: “எல்லோருக்கும் எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு கொடுக்கிறோம். ஆனாலும் ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுகிறது. நோயாளிகள் பேச்சைக் கேட்பதில்லை. ஆப் மூலம் அவர்களைக் கண்காணிப்பதே தீர்வு.”

அன்புள்ள வாசகிக்கு,

எம்.பி.பி.எஸ். பற்றிய கவலையை முதலில் விடுங்கள். இந்தத் துறையில் இயன்முறை மருத்துவர்கள், செயற்கை உறுப்பு மற்றும் காலணி வல்லுநர்கள், உயிரி இயக்கவியல் பொறியாளர்கள், பாத மருத்துவர்கள், செவிலியர்கள், உளவியலாளர்கள் எல்லோரும் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார்கள். நடையைப் பார்த்ததும் எங்கே அழுத்தம் விழுகிறது என்று ஊகிக்கும் கண் உங்களுக்கு நான்கு வருடத்தில் வந்திருக்கும். ஆய்வுக்கு அது பெரிய முதல். எம்.பி.டி. பட்டம் பெரும்பாலான இடங்களில் முனைவர் படிப்பில் சேரப் போதுமானது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே சரிபார்க்கும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் குறிப்பில் உள்ள ஒரு வரிதான். “நோயாளிகள் பேச்சைக் கேட்பதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியோடு விண்ணப்பித்தால், தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதை ஒரு முடிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆராய்ச்சி அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

செருப்பு எங்கே கழற்றப்படுகிறது

ஆறிய பாதப் புண் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கும், மூன்றாண்டுக்குள் 60 சதவீதம் பேருக்கும் திரும்ப வருகிறது என்பது உலக அளவில் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லப்பட்ட கணக்கு. ஆகவே உங்கள் பிரிவில் காண்பது உங்கள் ஊருக்கு மட்டுமான தோல்வி இல்லை. மேல்தோல் மூடிவிட்டாலும், புண் வரக் காரணமாக இருந்த மரத்துப்போன பாதம், வளைந்த விரல், உயர்ந்த அழுத்தம், குறைந்த ரத்த ஓட்டம் ஆகியவை அப்படியே இருக்கின்றன.

நெதர்லாந்தில், முன்பு புண் வந்து ஆறிய 171 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரணமாகச் செய்து தரும் தனிக் காலணி. இன்னொரு பிரிவினருக்குக் காலணிக்குள் அழுத்தத்தை அளந்து, அதிகமுள்ள இடங்களைத் திருத்திச் செய்த காலணி. மொத்தமாகப் பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை: 44.2 சதவீதத்துக்கு எதிராக 38.8 சதவீதம். ஆனால் நடக்கும் அடிகளில் 80 சதவீதமாவது காலணியோடு நடந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, 47.8 சதவீதம் 25.7 ஆக இறங்கியிருந்தது. காலணி வேலை செய்கிறது, காலில் இருந்தால்.

அதே குழுவினரின் இன்னொரு அளவீடு உங்களுக்கு இன்னும் முக்கியம். காலணிக்குள் வைத்த உணரியையும் (சென்சார்) அடிகளை எண்ணும் கருவியையும் சேர்த்துப் பார்த்தபோது, வெளியே போகும்போது அடிகளில் 87 சதவீதம் காலணியோடு. வீட்டில் 61 சதவீதம் மட்டுமே. ஆனால் அவர்கள் அதிக அடிகள் நடந்தது வீட்டுக்குள்தான்: நாளொன்றுக்கு வீட்டில் ஏறத்தாழ 3,960, வெளியே 2,600. வீட்டுக்குள்ளும் காலணி போடும் வழக்கம் ஓரளவு உள்ள நாட்டிலேயே இப்படி. வாசலோடு செருப்பைக் கழற்றும் நம் வீடுகளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும். ஒருவர் நாளுக்கு 6,000 அடி நடக்கிறார். வீட்டில் 3,600, வெளியே 2,400. பெருவிரல் அடிப்பக்கத்தில் வெறுங்காலோடு 600 கிலோபாஸ்கல் அழுத்தம், எம்.சி.ஆர். செருப்போடு 180. அழுத்தத்தையும் அடிகளையும் பெருக்கினால் வீட்டில் 21,60,000, வெளியே 4,32,000. அந்த இடம் தாங்கும் சுமையில் 83 சதவீதம் வீட்டிலேயே விழுகிறது. நீங்கள் பாடுபட்டுச் செருப்பை இன்னும் திருத்தி 180-ஐ 150 ஆக்கினாலும் மொத்தச் சுமை 3 சதவீதம்கூடக் குறையாது. வீட்டுக்கென்று தனியாக ஒரு மெத்தென்ற காலணி கொடுத்து, வீட்டு அடிகளில் பாதிக்காவது அதைப் போட வைத்து, அதில் அழுத்தம் 250 என்று வந்தால்கூட, சுமை 24 சதவீதம் குறைகிறது. உச்ச அழுத்தத்தை அடிகளால் பெருக்குவது கொஞ்சம் முரட்டுக் கணக்குதான். அழுத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது, தோல் எந்தப் பக்கம் இழுபட்டது என்பதெல்லாம் இதில் வராது. ஆனாலும் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இது காட்டிவிடும்.

அவர் வீட்டில் ஏன் போடவில்லை என்பதற்குக் காரணங்கள் இருக்கும். பூஜையறை இருக்கலாம். மருமகள் முன்னால் கூச்சம் இருக்கலாம். வெளிச் செருப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது அசுத்தம் என்ற எண்ணம் இருக்கலாம். ஈரத் தரையில் வழுக்கும். குனிந்து ஒட்டுப்பட்டையைப் போட இடுப்பு வளையாது. இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழும்போது செருப்பைத் தேட மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து, அதற்கேற்பச் செய்து, பலன் வந்ததா என்று அளப்பதற்குத்தான் ஆளுக்கேற்ற பராமரிப்பு என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எம்.சி.ஆர். செருப்பு என்பது அதற்கு நேர் எதிர்.

எம்.சி.ஆரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். தொழுநோயால் மரத்த பாதங்களுக்காக வேலூர் வட்டாரத்தில் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் செய்த வேலையிலிருந்து வந்தது அது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோயாளிகளின் அடிப்பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டதும் இதே வரிசையில் வரும். வலி தெரியாத பாதத்தில் புண் வருவது கிருமியால் அல்ல, திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் என்ற புரிதல் உலகுக்குப் போனதில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நேர்காணலில் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

கருவி தனியாகப் புண்ணைத் தடுக்காது

தோழி சொல்வதில் பாதி உண்மை. அழுத்தத்தை அளக்கும் இன்சோல்கள் (காலணிக்குள் வைக்கும் உள்தகடுகள்), பாதச் சூட்டை அளக்கும் கருவிகள், காலணியை எவ்வளவு நேரம் போட்டார் என்று பதியும் சிறு உணரிகள் எல்லாம் இந்தத் துறையில் வந்துவிட்டன. மான்செஸ்டரில் 58 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான சோதனையில், அழுத்தம் நீடித்தால் கைக்கடிகாரத்தில் எச்சரிக்கும் இன்சோலைப் போட்டவர்களுக்குப் புண் வருவது 71 சதவீதம் குறைந்தது. கேட்க உற்சாகமாக இருக்கிறது. ஆனால் 58 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. இன்சோல் காலணிக்குள் இருந்தால்தான் பேசும் என்பதும் உண்டு. மேலே போட்ட கணக்கில் 83 சதவீதம் சுமை விழும் நேரத்தில் அது வாசலில் கிடக்கும்.

பாதச் சூடு விஷயம் இன்னும் பாடம் சொல்வது. இரண்டு பாதங்களின் ஒரே இடத்தை ஒப்பிட்டு 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் வித்தியாசம் இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறைத்து மருத்துவரை அழைக்க வேண்டும் என்பது முறை. அமெரிக்காவில் 2004-இலும் 2007-இலும் வந்த சோதனைகள் நல்ல பலன் காட்டின. நெதர்லாந்தில் 304 பேரிடம் நடந்து 2021-இல் வெளியானதில், மொத்தக் கணக்கில் பலன் உறுதிப்படவில்லை. ஆனால் சூடான இடத்தைக் கண்டபின் உண்மையில் நடையைக் குறைத்தவர்களுக்குப் புண் குறைவாக வந்திருந்தது. வெப்பமானி எச்சரிக்கத்தான் செய்யும். அன்றைக்கு ரேஷன் கடைக்கு வேறு யார் போவது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

ஆகவே, ஆப்பை விடையாக வைத்துக்கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்காதீர்கள். கோடிங் படிக்கலாம், ஆர் (R) அல்லது பைத்தான் நிரல்மொழியில் அட்டவணையைத் திருத்தி, வரைபடம் போட்டு, எளிய பகுப்பாய்வு செய்யும் அளவுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். அதைவிட முக்கியமாக, புள்ளியியல் யோசனை வேண்டும். புண் வந்தவர்கள் 40 பேர், காரணிகள் 30. இவற்றை வைத்து முன்கணிப்பு மாடல் ஒன்று கட்டினால், உங்கள் தரவில் பிரமாதமாக வேலை செய்யும், பக்கத்து ஊர் நோயாளிகளிடம் தோற்றுவிடும். இது எத்தனை பெரிய கணினியை வைத்தாலும் தீராத சிக்கல்.

மூன்று வருடத்தில் எது முடியும், எது முடியாது

புது ஆய்வாளர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. உங்கள் குறிப்பில், புண் திரும்புவதைத் தடுக்கும் சோதனை ஒன்றை நடத்தப்போவதாக இருக்கிறது. ஓராண்டில் 40 சதவீதம் என்பதை 25 ஆகக் குறைக்கலாம் என்று நம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 சதவீதப் பிழை எல்லை, 80 சதவீத ஆற்றல் (உண்மையில் பலன் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) என்று கணக்கிட்டால் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 150 பேர் வேண்டும். ஐந்தில் ஒருவர் நடுவில் விலகுவார் என்று சேர்த்தால் பிரிவுக்கு 190, மொத்தம் 380. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்குச் சில மாதம், ஆட்களைச் சேர்க்க ஒன்றரை வருடம், கடைசியாகச் சேர்ந்தவரை ஒரு வருடம் பின்தொடர வேண்டும். 36 மாதம் அங்கேயே முடிந்துவிடும், எழுத நேரமில்லை.

நடைமுறையில் மூன்று வழி உண்டு. ஏற்கெனவே நடக்கும் பெரிய சோதனையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது. புண்ணுக்கு முந்தைய படியை அளப்பது: அழுத்தம், காலணி போட்ட நேரம், அடிகள். அல்லது, காலணி ஏன் போடப்படவில்லை என்பதை நேர்காணல்கள் வழியே ஆழமாகப் புரிந்துகொண்டு, வீட்டுக் காலணியை நோயாளிகளோடு சேர்ந்தே வடிவமைத்துச் சோதிப்பது. உங்கள் அனுபவத்துக்கு மூன்றாவது வழிதான் பொருத்தம் என்பது என் கருத்து. கருவி இல்லாத ஊரிலிருந்து வந்தவர் என்று உங்களை நீங்களே குறைத்து எடைபோட்டு எழுதியிருக்கிறீர்கள். காலணி ஏன் போடப்படவில்லை என்ற கேள்விக்குத் தேவையான அறிவு உங்களிடம்தான் இருக்கிறது.

அளவீட்டு இலக்குகளையும் துல்லியமாக எழுதுங்கள். சர்வதேச நீரிழிவுப் பாதப் பணிக்குழுவின் 2023 வழிகாட்டுதல்படி, அடிப்பாதத்தில் முன்பு புண் வந்தவருக்குத் தரும் காலணி நடக்கும்போது உச்ச அழுத்தத்தை 30 சதவீதமாவது குறைக்க வேண்டும், அல்லது 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இந்த 200 என்பது 2 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள உணரிகளுக்குப் பொருந்தும். வேறு அளவு உணரியில் எடுத்த எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது. ‘புண்’ என்பதற்கும் வரையறை உண்டு: மேல்தோலும் உள்தோலின் ஒரு பகுதியுமாவது கிழிந்திருக்க வேண்டும். கொப்புளம், உள்ளே ரத்தம் கட்டிய காய்ப்பு ஆகியவை புண்ணுக்கு முந்தைய அறிகுறிகள். தனியாகப் பதிய வேண்டும். ஒருவரின் இரண்டு பாதங்களை இரண்டு தனி ஆட்கள்போல எண்ணிக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. புண் வந்ததா என்று தீர்மானிப்பவருக்கு, அவர் எந்தப் பிரிவு நோயாளி என்பது தெரியக் கூடாது.

இப்போதே உங்கள் பிரிவில் செய்யக்கூடியது

விண்ணப்பத்துக்கு முன் உங்கள் சோதனை முறையைச் சரியாக்கிக்கொள்ளுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை (மெல்லிய நைலான் இழையால் தொட்டு, பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது) எளிது என்பதால்தான் அதிகம் கெடுகிறது. முதலில் நோயாளியின் கையில் தொட்டு, எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு அவர் பாதத்தைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பாதத்திலும் மூன்று இடம்: பெருவிரலின் அடி, முதல் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் உள்ள மேடுகள். காய்ப்பின் மேலோ வடுவின் மேலோ வைக்கக் கூடாது, பக்கத்தில் வையுங்கள். செங்குத்தாக வைத்து, வளையும் வரை அழுத்தி, ஏறத்தாழ இரண்டு நொடியில் எடுங்கள். ஓர் இடத்தில் மூன்று முறை கேட்க வேண்டும். அதில் ஒன்றாவது தொடாமலே கேட்பதாக இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு சரியாகச் சொன்னால் அங்கே உணர்வு இருக்கிறது.

நம் பிரிவுகளில் நடப்பது வேறு. ஒவ்வொரு தொடுதலுக்கும் “தெரியுதா?” என்று கேட்கிறோம், ஒரே தாளத்தில். கேள்வி வந்தாலே “தெரியுது” என்கிறார் நோயாளி. மரத்த பாதம், உணர்வுள்ள பாதமாகப் பதிவாகிவிடுகிறது. இன்னொன்று: 10 முதல் 15 பேரைச் சோதித்த இழையை 24 மணி நேரம் ஓய்வில் வைக்க வேண்டும், 70 முதல் 90 பேருக்குப் பிறகு மாற்றிவிட வேண்டும். ஒரே இழையை வருடக்கணக்கில் பையில் வைத்திருந்தால் அது 10 கிராமில் வளையாது. கணுக்கால் ரத்த அழுத்த விகிதம் (கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வருவது) 1.3-க்கு மேல் வந்தால் ‘நல்ல ரத்த ஓட்டம்’ என்று மகிழாதீர்கள். ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்து நசுங்காமல் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம், கால்விரலின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

ஆபத்து வகைப்படி அழைக்கிறீர்களா என்று பிரிவின் அனுமதியோடு ஒரு தணிக்கை செய்யுங்கள். உணர்வும் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தால் வருடம் ஒருமுறை. இரண்டில் ஒன்று குறைந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை. இரண்டும் குறைந்தால், அல்லது ஒன்றோடு பாத வடிவக் கோளாறும் இருந்தால் 3 முதல் 6 மாதம். உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்தவருக்கு முன்பு புண் வந்திருந்தாலோ, எந்தப் பகுதியையாவது அகற்றியிருந்தாலோ, சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்திருந்தாலோ 1 முதல் 3 மாதம். உங்கள் பிரிவில் எத்தனை பேர் சரியான இடைவெளியில் வருகிறார்கள்? நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு செய்த இந்த ஒரு பக்கத் தணிக்கைக்கு, 140 படங்களைவிட மதிப்பு அதிகம்.

வீட்டு வழக்கத்தைக் கேட்கும் விதத்தையும் மாற்றிப் பாருங்கள். “செருப்பு போடுறீங்களா?” என்றால் “போடுறேன் மேடம்” என்பார்கள். “நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. முதல்ல எங்க போனீங்க, அப்ப கால்ல என்ன இருந்துச்சு?” என்று மணி மணியாகக் கேளுங்கள். இருபது நிமிடம் ஆகும். ஒருவரிடமிருந்து வரும் விவரம் ஒரு ஆய்வுக் கேள்வியையே கொடுக்கும்.

அந்த 140 படங்கள்

இதில் நான் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. நோயாளிகள் சிகிச்சைக்காகப் படமெடுக்கச் சம்மதித்தார்கள். ஆராய்ச்சிக்கோ உங்கள் விண்ணப்பத்துக்கோ அல்ல. மெட்டி, பச்சை குத்தியது, வெட்டிய விரல், பின்னணியில் தெரியும் ஓ.பி. சீட்டு இவற்றால் ஆளை அடையாளம் காண முடியும். படத்தின் கோப்புக்குள் இடமும் நேரமும் பதிந்திருக்கும். ஐரோப்பியத் தேர்வுக் குழு இதைப் பார்த்தால் உங்கள் திறமையைப் பார்க்காது. தரவுப் பாதுகாப்பு தெரியாதவர் என்றுதான் முடிவு செய்யும்.

பழைய பதிவுகளை ஆய்வுக்குப் பயன்படுத்த முறையான வழி இருக்கிறது. மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் விண்ணப்பித்து, அடையாளம் நீக்கிய தரவுக்கு அனுமதி பெறலாம், ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்கள் சில நிலைகளில் தனித்தனிச் சம்மதத்துக்கு விலக்கும் தருகின்றன. அதைத் தீர்மானிக்க வேண்டியது கமிட்டி, நீங்களோ உங்கள் மேலதிகாரியோ அல்ல. வெளிநாட்டுக் கூட்டு ஆய்வாக மாறினால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படும். இந்தியாவில் மருத்துவச் சோதனை நடத்தினால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். இப்போதைக்கு, சிகிச்சைக்குத் தேவையான படங்களை மருத்துவமனைப் பதிவில் சேர்த்துவிட்டு, உங்கள் சொந்தப் போனிலும் அதன் தானியங்கிச் சேமிப்பிலும் இருப்பவற்றை அழித்துவிடுங்கள்.

ஏஜென்ட், சம்பளம், கல்யாணம்

ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தத் திட்டத்தின் இடங்கள் யூராக்செஸ் (EURAXESS) என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்தில் வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றன; விண்ணப்பக் கட்டணம் கிடையாது; யாரும் இடம் ‘வாங்கித் தர’ முடியாது. தகுதி விதிகள் சில. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே முனைவர் பட்டம் இருக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் நாட்டில், அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது.

இது உதவித்தொகை அல்ல, சமூகப் பாதுகாப்போடு கூடிய வேலை ஒப்பந்தம். 2024 வரையிலான அழைப்புகளில் வாழ்க்கைச் செலவுக்கான படி மாதம் 3,400 யூரோ, நாட்டின் விலைவாசிக்கேற்பக் கூடியோ குறைந்தோ, இடப்பெயர்வுப்படி 600, குடும்பம் இருந்தால் 660. ஆனால் இந்தத் தொகையிலிருந்து நிறுவனம் கட்ட வேண்டிய பங்களிப்பும் உங்கள் வரியும் கழியும். கைக்கு வருவது வெகுவாகக் குறையும். நிகரத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடுவில் கல்யாணம் ஆனால் குடும்பப்படி கேட்க வழியுண்டு. ஆகவே கல்யாணமும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று அடைக்கும் கதவுகள் அல்ல என்று பெற்றோரிடம் சொல்லலாம். வரப்போகிறவரிடம் மூன்று வருடக் கணக்கை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இரண்டு ஆபத்துகளை மறைக்க மாட்டேன். இத்திட்டம் பணம் தருவது பொதுவாக 36 மாதத்துக்கு. நெதர்லாந்து போன்ற நாடுகளில் முனைவர் பட்டத்துக்கு வழக்கமாக நான்கு வருடம் ஆகும். மற்றொன்று மொழி. வயதான நோயாளியிடம் சம்மதம் வாங்கவும் வீட்டு வழக்கத்தைக் கேட்கவும் டச்சு மொழியோ ஜெர்மனோ வேண்டும். உங்கள் பலமே நோயாளியோடு பேசுவது என்றால், ஆய்வுக்கூடத்தில் இன்சோலைப் பரிசோதிக்கும் திட்டத்தில் அது வீணாகும். நோயாளிகளோடான திட்டத்தில் மொழி தடுக்கும். உங்கள் இந்தியப் பதிவு அங்கே சிகிச்சை தர உரிமை தராது என்பதும் நினைவிருக்கட்டும்.

இங்கேயே செய்வதும் இரண்டாந்தர வழி அல்ல. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னபடி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல். நெதர்லாந்தில் கிடைத்த விடை நம் வீட்டுத் தரைக்குப் பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க முடியும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பதிந்து, ஐ.ஐ.டி. மெட்ராஸின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திலோ அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ இணை வழிகாட்டி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். குறை என்னவென்றால், கைடு ஒருவரை நம்பியே எல்லாம் இருக்கும். பல துறை வழிகாட்டிகள், கட்டாயப் பயிற்சி வகுப்புகள், மற்ற நாட்டு நிறுவனங்களில் சில மாத வேலை ஆகிய ஐரோப்பியத் திட்டத்தின் வசதிகளை நீங்களே தேடி அமைக்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால், விண்ணப்பியுங்கள். ஆனால் மூன்றுக்கு மேல் வேண்டாம். நோயாளி நடத்தை, காலணி அணிதல் தொடர்பான இடங்களாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதுங்கள். கூடவே இங்கே ஒரு கைடிடமும் பேசிவையுங்கள்.

நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியவை

ஆய்வுக்கு எத்திக்ஸ் அனுமதி கிடைத்துவிட்டதா, இனிமேல்தானா? நோயாளிகளைச் சேர்ப்பது யார், மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? 37-ஆவது மாதத்திலிருந்து சம்பளம் யார் தருவது, எழுத்தில் இருக்கிறதா? வழிகாட்டியை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திக்கலாம்? மொழி வகுப்புக்குப் பணமும் வேலை நேரத்தில் இடமும் உண்டா? தரவு யாருக்குச் சொந்தம், நிறுவனத்தின் கருவி வேலை செய்யவில்லை என்று முடிவு வந்தால் அதை வெளியிட எனக்கு உரிமை உண்டா? கடைசிக் கேள்விக்குத் தெளிவான ஆம் வராவிட்டால், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்தை ஏற்காதீர்கள். முடிந்தால் அந்தக் குழுவின் இப்போதைய மாணவர் ஒருவரிடம், வழிகாட்டி இல்லாத நேரத்தில், அரை மணி நேரம் பேச ஏற்பாடு கேளுங்கள். நல்ல குழுக்கள் மறுப்பதில்லை.